பூதமும் உள்ளே

தொழிற்சாலையில் அவளை எல்லோரும் மேனுவல் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பொட்டலம் கட்டும் இயந்திரங்கள் ஜப்பானிலிருந்து வந்து இறங்கும். கூடவே தலையணை கனத்துக்கு ஒரு கையேடு வரும். அதைத் தமிழாக்கி, இயந்திரத்தை ஓட்டுகிறவர்கள் கையில் கொடுப்பது அவள் வேலை. பெல்ட், உருளை, பல்சக்கரம் என்று எதைக் கேட்டாலும் ஜப்பானியப் பெயரை டக்கென்று சொல்வாள். ஜப்பானுக்குப் போனதில்லை. அந்த மொழி பேசும் ஒரு குழந்தையைப் பார்த்ததும் இல்லை.

அண்ணன் வீடு அடுத்த கதவு. ஞாயிற்றுக்கிழமை வந்தால் அண்ணன் மகளும் அந்தக் குடியிருப்பின் மற்ற வாண்டுகளும் மாடிப்படியை இரண்டாக்கிவிடுவார்கள்.

"நீ படிச்ச பாஷையை இதுங்களுக்குச் சொல்லிக்குடேன். என் காதாவது கொஞ்ச நேரம் ஓயும்" என்றாள் அண்ணி.

சரி என்றாள். ஆனால் தெரிந்த சொற்களைத்தானே கொடுக்க முடியும்? மறுவாரமே, ஓடிக்கொண்டிருந்த மிக்சியைத் திறக்கப்போன அம்மாவைப் பார்த்து அண்ணன் மகள், "கிக்கென்!" என்று அதட்டினாள்.

"என்னடி சொல்றா உன் மருமக?"

"அபாயம்ங்கறா அண்ணி."

வீடே சிரித்தது. பிள்ளைகளுக்கோ அதற்குமேல் ருசிக்கவில்லை. ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள்.

இயந்திரம் பொருத்த வந்திருந்த ஜப்பானியப் பொறியாளரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "உங்க ஊர்ல பிள்ளைங்களுக்கு என்ன பிடிக்கும்?"

அவர் யோசித்தார். "குளிர் முடியப்போகுது. இந்நேரம் எங்க வீட்ல பூதத்தை விரட்டிட்டிருப்போம்" என்று, பொதிதாளின் பின்புறம் கொம்பு வைத்த ஒரு முகத்தை வரைந்து காட்டினார். வறுத்த சோயா பயறை வீசி, "ஒனி வா சொத்தோ, ஃபுக்கு வா உச்சி" என்று கத்த வேண்டுமாம். பூதம் வெளியே, நல்லது உள்ளே. இத்தனை வருடம் இந்த மொழியில் குப்பை கொட்டியும், அதற்குள் ஒரு பூதம் இருப்பது தனக்குத் தெரியாமல் போயிற்றே என்று அவளுக்கு வியப்பு.

அந்த ஞாயிறு உதிரிப்பாக அட்டைப்பெட்டிகள் முகமூடிகளாயின. கொம்புக்கு 'ட்ஸுனோ', பல்லுக்கு 'ஹா', சிவப்புக்கு 'அக்க'.

"அக்காவா?" என்று ஒருத்தி கேட்க, அன்றிலிருந்து சிவப்பு வண்ணம் எல்லோருக்கும் மூத்தவளானது.

அண்ணனைப் பூதமாக்கினார்கள். "இவருக்கு முகமூடி எதுக்கு, வீண் செலவு" என்றாள் அண்ணி. பயறு பறந்தது. தொப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடிய பூதம் வாசலுக்கு வெளியே போனதும் கதவைச் சாத்தினார்கள். ஒரே ஆரவாரம். அண்ணன் மகள் மட்டும் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றாள். வெளியே பூதம் இருமியது.

"அத்தை, வெளியே போன பூதம் அப்புறம் எங்க போகும்?"

"தெரியலையே."

"அதுக்கு வீடு இருக்கா?"

"அதுவும் தெரியலை."

மருமகளின் முகம் சுருங்கியது. "பூதமும்னு சொல்லணும்னா எப்படிச் சொல்றது?"

"நம்ம 'உம்'முக்கு அங்க 'மோ'. ஒனி மோ."

குழந்தை உதட்டை அசைத்துப் பார்த்தாள். பிறகு கதவைத் திறந்து, "ஒனி மோ உச்சி!" என்றாள். பூதமும் உள்ளே. காதிலிருந்து ஒரு பயறைத் தட்டிவிட்டபடி அண்ணன் வந்தார். அந்த வாக்கியத்தை அத்தை சொல்லிக்கொடுக்கவில்லை. குழந்தையே பாகம் பாகமாகப் பொருத்தியிருந்தாள்.

அடுத்தவர் வழக்கத்தைக் கெடுத்துவிட்டோமோ என்ற உறுத்தலோடு மறுநாள் பொறியாளரிடம் சொன்னாள். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"யார் சொல்லிக்குடுத்தது?"

"யாரும் இல்ல. பாவம்னு அவளே கூப்பிட்டா."

"எங்க ஊர்லயும் சில கோயில்கள்ல அப்படித்தான் கூப்பிடுவாங்க. போக்கிடமில்லாத பூதம் வந்து தங்கிக்கட்டும்னு. ஆனா என் பொண்ணு ஒரு நாளும் பூதம் எங்க போகும்னு கேட்டதில்லையே!" என்றார்.

கழன்றுபோன பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். வசந்தத்துக்குக் காகிதப் பொம்மைகள், பிறகு காற்றில் நீந்தும் துணி மீன், கோடையில் நட்சத்திரத் திருநாளுக்கு வேண்டுதல் எழுதிக் கட்டிய மூங்கில் கிளை என்று பருவம் மாற மாற வகுப்பும் மாறியது. நட்சத்திரம் 'கிராகிரா' என்று மின்னும் என்றதுதான் தாமதம், பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். மினுமினுவுக்கு ஒரு சொல் இருந்தால் சலசலவுக்கும் வழவழவுக்கும் இருக்குமே! கையேட்டில் அப்படிப்பட்ட சொற்கள் ஏது?

மறுநாள் தொழிற்சாலைக் கூட்டத்தில் பெல்ட் தேய்மானம் பற்றிப் பேசி முடித்த மேலாளர், "வேற யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்றார்.

மேனுவல் அக்கா எழுந்தாள். அடுத்த இயந்திரத்தைப் பொருத்த மறுபடி வந்திருந்த பொறியாளரைப் பார்த்து, "மொறுமொறுன்னு இருக்குன்னு உங்க பாஷையில எப்படிச் சொல்வாங்க?" என்று கேட்டாள்.

மேலாளர் பேந்தப் பேந்த விழித்தார். பொறியாளர் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"கரிகரி" என்றார்.