பேரனுக்குக் கால் மொட்டை

போன மாதம் ஒரு பாரத்தில் கையெழுத்துப் போட எனக்கு இருபது நிமிஷம் ஆனது. என் பெயர் அவ்வளவு நீளமில்லை.

சித்தூரில் மகளுக்கு ஏழாம் மாதமே பிரசவம். உள்ளங்கை அளவில் ஒரு பேரன். அன்றைக்கே குழந்தையைத் திருப்பதி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். மகளுக்குத் துணையாக மருமகன் அங்கே. ஆம்புலன்ஸில் குழந்தையோடு நான். வழியில் புத்தலப்பட்டு வருவதற்குள் டிரைவரிடம் நாலு முறை ‘வேகமாப் போப்பா’ என்றும், நாலு முறை ‘மெதுவாப் போப்பா’ என்றும் சொல்லியிருந்தேன்.

மூன்றாம் நாள் டாக்டரம்மா கூப்பிட்டார்.

“பால் குடிக்கிற அளவுக்கு இன்னும் வளரலை. சத்தெல்லாம் ட்யூப் வழியாத்தான் போகணும். கை, கால்ல நரம்பு கிடைக்கலை. தலையில ஒண்ணு நல்லாத் தெரியுது. அங்கேருந்து நூல் மாதிரி ஒரு ட்யூப், இதயத்துக்குப் பக்கம் வரைக்கும் போகும். அப்பாகிட்ட போன்ல பேசிட்டேன், சரின்னுட்டார். நீங்க கையெழுத்துப் போடுங்க.”

இதயமா? என்னுடையது எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. சமாளித்துக்கொண்டு பேனாவை எடுத்தேன். அப்போதுதான் பக்கத்தில் நின்ற சுகுணா சிஸ்டர் சொன்னார் — “அந்த எடத்துல மட்டும் முடி எடுப்போம் சார்.”

பேனா நின்றது.

எங்கள் வீட்டில் முதல் முடி மலைக்குத்தான். தாய்மாமன் மடியில் உட்கார வைத்து எடுக்க வேண்டியது. அதற்கு முன் கத்தரிக்கோல் படக் கூடாது. சாமியாவது மன்னிப்பார்... நகரி சம்பந்தியம்மா?

“வேற எடமே இல்லையா சிஸ்டர்?”

“டென்ஷன் வத்து சார், வேணாம். மலை அடியிலதான இருக்கோம். சாமிக்குத் தெரியாதா?”

கேட்பேனா? வெளியே ஓடி நகரிக்குப் போன் போட்டேன். பின்னால் பவர்லூம் சத்தம். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொல்லி, “சாமி குத்தம் ஆயிடுமோ?” என்று முடித்தேன்.

தறி நின்றது.

“இன்னாண்ணா... கொயந்த அங்க பட்டினியா கெடக்குது, நீ முடியப் பத்திப் பேசிக்கினு கீறியே? மொதல்ல கையெழுத்தப் போடு. சாமிகிட்ட நான் பேசிக்கிறேன்.”

போட்டேன். பேங்க்கில் காட்டியிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

அப்புறம் அந்தக் கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றேன். தரை துடைக்கிற அம்மாவுக்குக்கூட எழுந்து நின்றேன். கடைசியில் சிஸ்டர் வந்தார். “அயிப்போயிந்தி சார், முடிஞ்சுது. எக்ஸ்ரேவும் பார்த்தாச்சு. ட்யூப் சரியான எடத்துல இருக்கு.”

பயம் வந்தால் மனுஷன் பெரிய விஷயத்தை விட்டுவிட்டுச் சின்னதைப் பிடித்துக்கொள்கிறான். இதயத்தை நினைக்க எனக்குத் தைரியம் இல்லை. முடியைப் பற்றிக் கவலைப்பட மட்டும் தாராளமாக இருந்தது!

போன வாரம் ட்யூபை எடுத்துவிட்டார்கள். பேரன் இப்போது பால் குடிக்கிறான் — சத்தம் போட்டு. பார்க்க வந்த சம்பந்தியம்மா அவன் தலையைப் பார்த்தார், என் தலையைப் பார்த்தார்.

“அப்படியே தாத்தாதாண்ணா.”

அவனுக்கு முளைத்துவிடும்.