ஜிம்மியின் தூளி

என் சிகிச்சை அறையில், நாய்களைத் தாங்கி நடத்தும், கொக்கி வைத்த புது இடுப்புப் பட்டைகளுக்கு நடுவே ஒரு பழைய ஊதாச் சேலைத் துண்டும் தொங்குகிறது. பார்ப்பவர்கள் கை துடைக்கிற துணி என்று நினைக்கிறார்கள். யாராவது துடைத்தால் எனக்குக் கோபம் வரும்.

அது அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் கடை வைத்திருந்த பூக்கார அக்காவுடையது. திருவண்ணாமலையில் ஒரு கால்நடை மருத்துவமனையில் நான் நர்ஸாகச் சேர்ந்த புதிது. 'நாய்க்குக் கால் பிடிக்கிற உத்தியோகம்' என்று வீட்டில் கேலி. விட்டுவிடலாமா என்றுகூட நினைத்திருந்தேன். அப்போதுதான் வேன் மோதிப் பின்னங்கால்கள் விழுந்துபோன தன் நாய் ஜிம்மியை அக்கா தூக்கி வந்தார். எலும்பு முறியவில்லை, நரம்பு நசுங்கியிருந்தது. அடுத்த பௌர்ணமிக்குள் நிற்காவிட்டால் ஊசி போட்டு முடித்துவிடலாம், வீணாக வதைக்க வேண்டாம் என்றார் டாக்டர். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

மாத்திரையிலும் ஒத்தடத்திலும் வலி அடங்கியதும், வயிற்றுக்கடியில் அவர் சேலைத் துண்டைத் தூளிபோல் கொடுத்துத் தூக்கிப் பிடித்து, கடையிலிருந்து கொஞ்ச தூரம் நடத்தித் திரும்பி வரச் சொன்னேன். மறுநாள் ஜிம்மி தொட்டாலே முனகியது. விசாரித்தால், அக்கா மலையையே முழுசாகச் சுற்றி வந்திருக்கிறார்! கொஞ்சம் நடை, மீதியெல்லாம் தோள்மேல்.

"திரும்பி வரச் சொன்னேனே அக்கா?"

"எப்படிங்க திரும்புறது? இவனுக்கோசரம் வேண்டிக்கினு நடக்கிறேன். மலைய வலமாத்தான் சுத்தணும், வந்த வழியே திரும்பி எடமா சுத்துனா ஆவுமா?"

தலையில் அடித்துக்கொண்டேன். "அப்போ வயல் வழியா கொஞ்ச தூரம் பின்னால தூக்கிட்டுப் போயி, அங்கேருந்து கிரிவலப் பாதையில கடைக்கு நடத்திக் கூட்டிட்டு வாங்க" என்றேன் எரிச்சலில். வயல் வழியாகப் போவது மலை சுற்றுகிற கணக்கில் சேராதாம், சம்மதித்தார்.

வலி தணிந்தபின் மறுபடி தொடங்கினோம். மருத்துவமனை முற்றத்தில் எத்தனை கெஞ்சினாலும் நகராத நாய், எதிரே தன் கடை தெரிந்ததும் முன்னங்கால்களால் இழுத்துக்கொண்டு போனது. பின்னங்கால்களும் மெல்ல மண்ணில் ஊன்றத் தொடங்கின.

பௌர்ணமி மாலை நானும் கூடப் போனேன். கடைமுன் காத்திருந்த கூட்டத்தைப் பார்த்ததும், அக்கா பழக்கதோஷத்தில் தூளியை அப்படியே விட்டுவிட்டுப் பூவை முழம்போட ஓடினார். எனக்கு உயிரே போய்விட்டது. துணி தரையில் புரள, ஜிம்மி ஆடி ஆடி அவர் பின்னாலேயே நடந்துபோய்க் கடைக்கடியில் படுத்தது.

"ஐயோ, என் புள்ள எங்க?" என்று பதறித் திரும்பினார்.

"கால்கிட்ட பாருங்கக்கா. நடந்தே வந்துட்டான்."

மறுநாள் டாக்டர் ஊசியை எடுக்கவேயில்லை. நானும் வேலையை விடவில்லை. இன்றும் எந்த நாயையும் அதை வளர்ப்பவர் நிற்கிற பக்கம் பார்த்துத்தான் நடத்துகிறேன். இந்தப் பிழைப்பில் நான் நிலைத்ததற்கு அந்த அக்காவுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

அந்தப் பௌர்ணமியன்றே அக்கா தூளியை அவிழ்த்து என் கையில் திணித்து, "இனிமே இவனுக்கு வேணாங்க. வேற யாருக்காச்சும் ஆவும்" என்றார்.

ஆயிற்று அக்கா, எத்தனையோ பேருக்கு.