சூரியன் பக்கமே விழுந்த நெழலு

எங்கப்பாவுக்கு ஒத்தக் கண்ணுதான். இன்னொன்ன கரும்பு வெட்டுறப்ப தோக கிழிச்சிடுச்சி. மிச்சம் இருந்த கண்ணுலயும் பொர விழுந்து, 2009-ல சிதம்பரத்துல ஒரு கண்ணாஸ்பத்திரில ஆபரேஷன். கூட நான்தான் இருந்தேன். பத்தாவதுல ரெண்டு தடவ பெயிலானவனுக்கு வேற என்னா வேல?

அங்க ஹாலு செவுரு முழுக்க ஒரு சீனரி வரஞ்சிருந்தாங்க. எடது பக்கம் மல, மலமேல சூரியன், ஆறு, கரையில ஒரு தென்னமரம். உள்ள ஆபரேஷன் நடக்கறப்ப அதையே மொறச்சிக்கிட்டு குந்தியிருந்தேன். எரிச்சலா வந்துச்சி. உள்ள ஒருத்தரு இனிமே வெளிச்சம் உண்டா இல்லியான்னு தெரியாமப் படுத்திருக்காரு, இத வரஞ்சவனுக்கு மஞ்ச பெயிண்டு ஜாஸ்தியாப் போச்சி!

மறுநாளு கட்டுப் பிரிச்சாங்க. நர்ஸக்கா வெரலக் காட்டி, "எத்தன, ஐயா?"ன்னாங்க.

"ரெண்டு."

சரிதான். ஆனா எனக்கு நம்பிக்க வரல. அவரு அடிச்சி உடறதுல கில்லாடி. மாட்டு வண்டிய விட்டு எறக்கிடுவோம்னு பயந்துக்கிட்டு, "நல்லா தெரியுதுடா"ன்னே சொல்லி நெல்லிக்குப்பம் மில்லுக்குக் கரும்பு ஓட்டுனவரு. மாட்டுக்கு வழி தெரியும், பொழச்சோம்.

கையப் புடிச்சி ஹாலுக்குக் கூட்டியாந்தேன். செவுத்தாண்ட நின்னுட்டாரு.

"வாப்பா, மாடு ரெண்டும் வீட்டு வாசல்ல வெயிட் பண்ணுது."

"இருடா. எவன்டா இத வரஞ்சவன்?"

"ஏன், நல்லாத்தான இருக்கு?"

"மண்டு! சூரியன் இந்தப் பக்கம் இருக்கு. மரத்து நெழலும் இந்தப் பக்கமே உழுந்து கெடக்கு பாரு."

கிட்டப் போயிப் பாத்தேன். ஆமா. புல்லு கலருல மெல்லிசா ஒரு கோடு. நேத்தெல்லாம் ரெண்டு நல்ல கண்ண வச்சிக்கிட்டு எனக்கு அது படல. இத எவனும் அடிச்சி உட முடியாது.

"பெயிண்டர வரச் சொல்லித் திருத்திடலாம்பா"ன்னு சொல்லிட்டு பாத்ரூமுக்கு ஓடிட்டேன். மூஞ்சியக் கழுவிட்டு வந்தா, நர்ஸக்காவ நிக்க வச்சி அதயே வெளக்கிக்கிட்டு இருக்காரு.

கடலூர் பஸ்ஸுல கறுப்புக் கண்ணாடி போட்டு ஜன்னலோரம் குந்துனாரு. வெள்ளாத்துப் பாலம் தாண்டுனதும் முன்னாடி ஒரு லாரி. அதோட பின்பக்கத்துல கடலும், அதுல பாதி சூரியனும் வரஞ்சிருந்துச்சி.

"டேய், அது காலயிலயா, சாயங்காலமா?"

"தெரியலப்பா. நீயே பாத்துச் சொல்லு."

அவரு கண்ணாடியக் கழட்டிட்டு உத்துப் பாக்க ஆரம்பிச்சாரு.

"யோவ், கண்ணாடியப் போடு!"ன்னு நான் கத்துன கத்துல பஸ்ஸே திரும்பிப் பாத்துச்சி.