ரேகை விழாத விரல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த மாதிரிக் கதை சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். என் மச்சினன் சேகர் மினி லாரி ஓட்டுகிறவன். பேரையூர் ரோட்டில் வெள்ளைச் சேலை நின்றது, திரும்பிப் பார்த்தால் காணோம் என்று வந்து உட்காருவான். "நல்லாத் தூங்கி எந்திரிச்சு வண்டிய எடுடா" என்று விரட்டிவிடுவேன். அப்படிப்பட்ட நான் இப்போது உங்களிடம் இதைச் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம், நடுவில் சிரிக்காமல் இருந்தால் போதும்.

கோச்சடைப் பக்கம் ஒரு ரேஷன் கடையில் நான் விற்பனையாளர். அரிசி போடுவதுதான் என் வேலை என்று ஊர் நினைக்கிறது, ஆனால் நாள் முழுக்க நான் செய்வது கட்டை விரல் பிடிப்பது. மெஷினில் விரல் பதிந்தால்தான் பில் வரும். கொத்தனார் விரல் தேய்ந்திருக்கும், பாத்திரம் கழுவுகிறவர் விரல் ஊறியிருக்கும், துடைத்து, அழுத்தி, திருப்பி வைத்துப் பார்க்க வேண்டும். ஆளின் முகம் எனக்கு மறந்துபோகும், விரல் மறக்காது.

அதில் கடைசி வரைக்கும் மெஷின் ஏற்றுக்கொள்ளாத விரல் என் மனைவி சுகந்தியுடையது. சின்ன வயதில் அரிவாள்மனையில் வெட்டிக்கொண்டதாம். வலது கட்டை விரலில் ரேகையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு சரிவாக ஒரு தழும்பு, நுனியில் இரண்டாகப் பிரியும். வேறு விரலை வை என்றால் கேட்க மாட்டாள். வரிசையில் நிற்கும் பெண்கள், "கடைக்காரரு பொண்டாட்டிக்கே சீனி கெடையாதாம்" என்று கேலி செய்வார்கள். "மெசினுக்கு என்னையப் புடிக்கலன்னா போகுது, மெசின் வச்சிருக்கவருக்குப் புடிச்சா சரி" என்று அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டுப் போவாள். எனக்குத்தான் காது சிவந்துவிடும்.

சுகந்தி வீட்டிலிருந்தே கல்யாண ஆல்பம் வடிவமைத்துக் கொடுப்பாள். ஊரார் மூஞ்சியையெல்லாம் கம்ப்யூட்டரில் வெளுப்பாக்கி அலுத்துப்போச்சு, திருத்தவே முடியாத படம் எடுக்கணும் என்று ஆரம்பித்தாள். செல்லூரில் மூடிப்போன ஒரு ஸ்டுடியோக்காரர் வீட்டில் பழைய கேமரா ஒன்று வாங்கி வந்தாள். முன்பக்கம் மேலும் கீழுமாக இரண்டு கண் வைத்த பெட்டி. கழுத்தில் மாட்டிக்கொண்டு, மேல் மூடியைத் திறந்து, தலையைக் குனிந்து பார்க்க வேண்டும். பிலிமும் அகலமானது, மீடியம் ஃபார்மட் என்பார்கள், ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே படம். "பன்னெண்டு படத்துக்கு இம்புட்டு அலப்பறையா?" என்று கேட்டேன். "அதனாலதான் பாத்துப் பாத்து எடுக்கேன்" என்றாள்.

ரோல் முடிந்த அன்று அதன் முனையில் இருக்கும் காகிதப் பட்டையை, தபால் கவரை ஒட்டுவதுபோல் நாக்கால் நனைத்து ஒட்டி, பிரிட்ஜில் முட்டை வைக்கிற இடத்தில் வைத்தாள். "கடைசிப் படம் என்னன்னு சொல்ல மாட்டேன். சாமான் வரட்டும், ரெண்டு பேருமாக் கழுவிப் பாப்போம்" என்றாள். பிலிம் கழுவும் டேங்குக்கும் மருந்துக்கும் ஆர்டர் போட்டிருந்தாள்.

அந்த வாரமே அடுப்படியில் மயங்கி விழுந்தாள். மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். வீட்டுக்குத் திரும்பி வரவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு பார்சல் வந்தது, அவள் பெயருக்கு. என்னால் பிரிக்க முடியவில்லை, சேகர்தான் பிரித்தான். மதுரையில் கேட்ட இடத்திலெல்லாம் சென்னைக்கு அனுப்புங்கள் என்றார்கள். எனக்குக் கூரியரில் போட மனசு வரவில்லை. அவள் கண் கடைசியாக எதைப் பார்த்து நின்றதோ அது அந்தச் சுருளுக்குள் இருந்தது. தொலைந்தாலும் போச்சு, கெட்டாலும் போச்சு. கெட்டால் என் கையாலேயே கெடட்டும் என்று வீடியோக்களைப் பார்த்துப் படித்தேன். வேண்டாத ரோல் ஒன்றை வைத்துப் பழகிவிட்டுச் செய்யுங்கள் என்று எல்லா வீடியோவிலும் சொன்னார்கள். சேகரும் சொன்னான். யார் கேட்டது.

இங்கே ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த அகலப் பிலிமின் முதுகில் கறுப்புக் காகிதம் ஒன்று சேர்ந்தே சுற்றியிருக்கும். கேமராவில் மாட்டுகிறவர் கை படுவது காகிதத்தில்தான். பிலிமை யாராவது தொடுவதென்றால், கும்மிருட்டில் காகிதத்தைப் பிரித்து டேங்க்குக்குள் போகும் பிளாஸ்டிக் சக்கரத்தில் ஏற்றும்போதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். குளியலறை ஜன்னலில் பழைய பிளக்ஸ் பேனரை ஒட்டி, கதவிடுக்கில் துண்டைத் திணித்து, கவிழ்த்த வாளியில் உட்கார்ந்தேன். வெளியே சேகர் நாற்காலி போட்டுக் காவல் இருந்தான். என் கையே எனக்குத் தெரியாத இருட்டு. முதலில் அந்தப் பட்டையைக் கிழிக்க வேண்டும். அவள் எச்சில் பட்டு ஒட்டியது. கொஞ்ச நேரம் அதை விரலால் தடவிக்கொண்டே இருந்தேன். பிறகு கிழித்தேன்.

சுருளைப் பிரிக்கும்போது முதலில் கைக்கு வருவது கடைசிப் படம் இருக்கும் முனை. அதைச் சக்கரத்தின் வாயில் செருகினால் ஏறவே இல்லை. ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கம் நழுவியது. வேர்வை சொட்டியது. எங்கோ மடங்குகிற சத்தம் கேட்டது.

"மச்சான், ஆச்சா?"

"சிக்கிருச்சுடா."

"கதவத் தொறந்துராதீக. மெதுவாப் பண்ணுங்க."

எவ்வளவு நேரம் மல்லுக்கட்டினேனோ தெரியாது. கடைசியில் அழுகை வந்துவிட்டது. அவள் போன அன்றுகூட நான் அப்படி அழவில்லை. "எனக்கு வரல சுகந்தி" என்று வாய்விட்டே சொன்னேன்.

அப்போது பிலிமின் அந்த முனை இழுபட்டது.

காய்ந்த வேட்டியை மடிக்கும்போது எதிர் முனையைப் பிடித்துக்கொண்டு ஒரு இழுப்பு இழுத்துத் தருவாளே, அதே இழுப்பு. கோணலாக இருந்தது நேரானது. வழுக்கிக்கொண்டு சக்கரத்துக்குள் ஏறியது. என் கை பின்னாலிருந்து விட்டுக்கொடுத்ததே தவிர வேறு எதுவும் செய்யவில்லை. பயம் வந்ததா என்று கேட்பீர்கள், சத்தியமாக இல்லை. வீட்டில் ஆள் இருக்கிறது என்கிற நிம்மதிதான் இருந்தது. டேங்க்கை மூடி விளக்கைப் போட்டேன். எதிரே குழாயும் சுவரும்தான்.

மருந்து ஊற்றி, அலசி, கழுவி, துணிக்கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டோம். பன்னிரண்டும் விழுந்திருந்தது. வைகைக்குள் நிற்கும் மாடுகள், செல்லூரில் வெயிலில் காயும் சாய நூல், எங்கள் தெரு இட்லிக் கடை ஆவி. காய்ந்ததும் சேகர் கடைசிப் படத்தின் நெகட்டிவை மொபைலில் எடுத்து வெள்ளையைக் கறுப்பாக மாற்றிக் காட்டினான்.

அதில் நான்தான் இருந்தேன். கடையில், தலை கலைந்து, யாருக்கோ மெஷினை நீட்டிக்கொண்டு. எப்போது வந்து நின்றாள் என்று எனக்குத் தெரியவே தெரியாது. குனிந்து எடுக்கிற கேமரா, எதையோ தேடுகிறவள்போல் நின்றிருப்பாள். என்னை யாரும் அவ்வளவு ஆசையாகப் பார்த்து நான் பார்த்ததில்லை.

"தோள்கிட்ட என்னமோ அழுக்கு. ஒங்க கை பட்டிருச்சு போல மச்சான்" என்றான் சேகர்.

பெரிதாக்கினேன். கட்டை விரல் ரேகை. குறுக்கே சரிவாக ஒரு வெட்டு, நுனியில் இரண்டாகப் பிரிந்திருந்தது. என் விரலை அதன் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். என்னுடையதில் தழும்பு ஏது. சேகர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். "அக்காவா?" என்று கேட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

எந்த மெஷினும் ஏற்காத விரல் அது. பிலிமில் ஒரு கோடு விடாமல் விழுந்திருந்தது.

கடையில் உட்கார்ந்து நானும் ஆயிரம் காரணம் யோசித்துப் பார்த்தேன், எல்லாம் ஒரு இடத்தில் நின்றுவிடுகிறது. நான் பிடித்துச் செருகியபோது பதிந்தது என்றால் விரல் நுனி பிலிமின் முனையைப் பார்த்து இருக்க வேண்டும். இது திரும்பி இருக்கிறது. எனக்கு எதிரே உட்கார்ந்து முனையைப் பிடித்து இழுக்கிறவருடைய விரல் எப்படிப் பதியுமோ அப்படி. இன்றைக்கும் குளிக்கும்போது அந்தக் குழாயடிச் சுவரைப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

பிறகு நானும் ஒரு ரோல் எடுத்தேன். அவளைப்போலவே நாக்கால் ஒட்டி முட்டைத் தட்டில் வைத்திருக்கிறேன், மாதக்கணக்காகிறது. "எப்ப மச்சான் கழுவப் போறீக, பயமா இருக்கா?" என்று சேகர் கேட்கிறான். பயம்தான். அன்றைக்கு எப்படி ஏறியது என்பது என் கைக்குப் பிடிபட்டுவிட்டது. இந்தத் தடவை சிக்காமல் ஏறிவிட்டால் நான் என்ன செய்வது?