புண்ணைத் தழும்பென்று சொல்லச் சொன்னவர்

எங்கள் தெரு முடிதிருத்துகிறவருக்குச் சர்க்கரை நோய். நாள் முழுக்க நின்றே வேலை. வலது கால் பெருவிரலுக்கு அடியில் வந்த புண்ணை வீட்டுக்கே போய்க் கழுவி, மருந்து வைத்துக் கட்டுவது என் பொறுப்பு. நோயாளிகளைப் பராமரிக்கப் பயிற்சி எடுத்தவள் நான். அந்தப் புண் ஆறிக்கொண்டுதான் வந்தது.

அப்போதுதான் அவர் ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போகத் தொடங்கினார். அங்கே பிரசங்கிப்பவருக்கு முடிதிருத்தும் கடையில் வைத்த பெயர் மைக் அண்ணன்; சாப்பிடும்போதுகூட மைக்கைக் கீழே வைக்கமாட்டாராம். சுகமாக்கும் என்று கெஞ்சுவது அவிசுவாசம், சுகமாகிவிட்டேன் என்று அறிக்கையிடு, புண் என்ற சொல்லே வாயில் வரக்கூடாது, தழும்பு என்று சொல் என்பது அவர் போதனை. மாத்திரையும் கட்டும் ஆண்டவரை நம்பாதவர்களுக்காம்.

"இனிமே வரவேண்டாம் சிஸ்டரம்மா. அது தழும்பாயிடுச்சு," என்றார் முடிதிருத்துகிறவர், வாசலை மறித்துக்கொண்டு.

"தழும்புல சீழ் வடியுமா தம்பி?"

"நீங்க கண்ணால பார்க்கிறீங்க. நான் விசுவாசத்தால நடக்கிறேன்."

"நல்லா நடங்க. நொண்டாம நடந்து காட்டுங்க பார்ப்போம்."

கதவு என் முகத்துக்கு நேரே சாத்தப்பட்டது.

அதன்பிறகு சாக்ஸும் ஷூவும் போட்டே வேலை பார்த்தார். "என்ன தலைவரே, எலி ஏதாவது செத்துக் கிடக்கா?" என்று வாடிக்கையாளர் ஒருவர் கேட்க, இவர் வாசனைத் தண்ணீரை எடுத்துத் தரையெல்லாம் தெளித்திருக்கிறார். முடிதிருத்துகிறவரின் மனைவி எனக்கு ஃபோன் செய்து அழுதாள். "தூங்கும்போதுகூட சாக்ஸைக் கழற்ற மாட்டேங்கிறாரும்மா. கேட்டா நான் பிசாசு மாதிரி பேசறேனாம்."

கடைக்குப் போனேன். அவருடைய நாற்காலியிலேயே அவரை உட்காரவைத்து சாக்ஸை உரித்தேன். பெருவிரலும் அடுத்த விரலும் கறுத்திருந்தன.

"இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க."

"சுகமாயிட்டேன்னு இன்னைக்கு மேடையில சாட்சி சொல்லணும், சிஸ்டரம்மா. வாக்குக் கொடுத்துட்டேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "ஆண்டவரு குருடன்கிட்ட என்ன வேணும்னு கேட்டாரு. பார்வை வேணும்னான். 'தெரியுதுன்னு சும்மா சொல்லு, அப்புறம் தெரியும்'னா சொல்லிக்கொடுத்தாரு? அவரு பேரைச் சொல்லிப் பொய் சாட்சி சொல்றதுதான் உங்க விசுவாசமா?"

அவர் குனிந்து கறுத்த விரல்களைப் பார்த்தார். கடைசியில், "அண்ணன் கைவச்சு ஜெபிக்கட்டும். அதுக்கப்புறம் வர்றேன்," என்றார். ஆட்டோ பிடித்து நேரே கூட்டம் நடக்கும் இடத்துக்குக் கூட்டிப்போனேன்.

மேடைக்குப் பின்னால் மைக் அண்ணன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தார். முடிதிருத்துகிறவர் ஸ்டூலில் உட்கார்ந்து, சாக்ஸைக் கழற்றிக் காலை நீட்டினார். அண்ணன் இரண்டடி பின்னால் போய்க் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"சாக்ஸைப் போடுப்பா. ஜனங்க பார்த்தா விசுவாசம் போயிடும்."

"தொட்டு ஜெபிங்கண்ணே."

"மேடையில ஜெபிப்போம். முதல்ல மூடு."

"ஆண்டவரு குஷ்டரோகியைத் தொட்டாரேண்ணே."

அண்ணன் மைக்கை எடுத்துக்கொண்டு படியேறிவிட்டார். முடிதிருத்துகிறவர் அந்தப் படியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் தோளைப் பிடித்து எழுந்தார். "புண்ணு தாங்கமுடியல சிஸ்டரம்மா. ஆஸ்பத்திரிக்குப் போகலாம்."

இரண்டு விரல்களை எடுத்தார்கள். பாதம் தப்பியது. அடுத்த கூட்டத்தில் மைக் அண்ணன், சந்தேகப்பட்டதால் விரலை இழந்த ஒருவரைப் பற்றி உருக்கமாகப் பேசினாராம். அதைச் சொல்லவந்த சபையாரிடம் முடிதிருத்துகிறவரின் மனைவி வெடித்தாள்: "விரலை எடுத்தது டாக்டர்தான். அழுகவிட்டது யாருன்னு அதே மைக்கில சொல்லச் சொல்லுங்க!"

நோய் நீங்க ஜெபிப்பதை நான் குறை சொல்லவில்லை. கட்டுப் போடும்போது நானும் ஜெபிக்கிறவள்தான். ஆண்டவர் பெயரைச் சொல்லி நோயாளியைப் பொய் பேசவைத்து, பொய் அழுகியதும் நோயாளியையே குற்றவாளியாக்கும் போதனை அவருடையதல்ல.

போன வாரம் அதே கூட்டத்துக்குப் போகும் துணி தேய்ப்பவரின் மனைவி இன்சுலினை நிறுத்திவிட்டாள் என்று தெரிந்தது. முடிதிருத்துகிறவர் கடையைப் பூட்டிவிட்டு, ஊன்றுகோலோடு என்னுடன் கிளம்பினார். அவள் கதவைப் பாதிதான் திறந்தாள்.

"எனக்குச் சுகமாயிடுச்சுண்ணே. நீங்க போங்க."

அவர் படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். "நானும் இதையேதான் சொன்னேன் தங்கச்சி. வெளிய வந்து என் காலைப் பாரு."