சாப்பு இல்லாத டிக்கெட்டுகள்

பிள்ளைகளா, அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. எங்கள் காற்பந்துக் குழுவுக்குப் புதுச் சட்டை வாங்க ஓர் ஆட்டம் நடத்தினோம். டிக்கெட் விற்கும் பொறுப்பு என்னுடையது. அவசரத்தில், கேளிக்கை வரி கட்டி டிக்கெட்டுகளில் சாப்பு, அதாவது அரசாங்க முத்திரை, வாங்குவதற்கு முன்பே சிராங்கூன் சாலை முழுக்க விற்றுவிட்டேன்.

"சாப்பு இல்லேன்னா ஆட்டமே நடக்காது. போய்த் திரும்ப வாங்கிட்டு வா!" என்றார் எங்கள் செயலாளர்.

கடை கடையாக ஏறினேன். டிக்கெட்டைத் திருப்பிக் கேட்டதும், ஆட்டம் ரத்து என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

"காசை வாங்கிட்ட, இப்ப டிக்கெட்டையும் கேக்குற. அடுத்து என் கத்தரிக்கோலா?" என்றார் முடிவெட்டும் அண்ணன்.

பாதிச் சவரத்தில் உட்கார்ந்திருந்தவர், "குடுத்துடுங்கண்ணே, அழுதுடப் போறான்," என்று தன் டிக்கெட்டையும் நீட்டினார்.

அத்தனைக்கும் வரி கட்டி, சாப்பு வாங்கி, மறுபடியும் கடை கடையாகக் கொடுத்தேன்.

ஆட்டத்தன்று வாசலில் வரி அதிகாரி ஒருவர் நின்று, ஒவ்வொரு டிக்கெட்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கூட்டமெல்லாம் உள்ளே போனபின் என்னிடம் வந்தார்.

"தம்பி, இன்னும் டிக்கெட் இருக்கா?"

காசு கொடுத்து ஒன்று வாங்கிக்கொண்டு அவரும் உள்ளே போனார்.