மஞ்சள் மெடல்

பழைய பட்டாளத்துச் சாமான்களைச் சேர்ப்பவன் நான். வெள்ளைக்கார அதிகாரிகள் எங்கள் தங்கச் சுரங்க ஊரைக் காலி செய்தபோது விற்றுப்போட்ட பாக்கெட் கடிகாரங்கள், தொப்பிச் சின்னங்கள், தொழிலாளிகளின் லைன் வீடுகளில் கேட்டு வாங்கிய மெடல்கள் எல்லாம் ஒரு தகரப் பெட்டியில் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் மல் துணியில் சுற்றி, யாரிடம் வாங்கியது என்று துண்டுச்சீட்டு வைத்திருக்கிறேன். மெடலைப் பளபளப்பாகத் துலக்கக் கூடாது. விளிம்பில் பொறித்த சிப்பாயின் எண்ணும் பெயரும் தேய்ந்துவிடும்.

முதல் உலக யுத்தத்துக்குப் போய் வந்தவர்களிடம் பெரும்பாலும் இரண்டு மெடல்கள் இருக்கும். ஒன்று வெள்ளி, மற்றது பொன்னிற வெண்கலம். எங்கள் ஊரில் வெள்ளி கிடைக்கும். மஞ்சள் கிடைக்கவே கிடைக்காது. திருட்டுத் தங்கம் தேடி வீடுகளைச் சோதனை போடுகிற ஊர் இது. மஞ்சளாக, வட்டமாக ஒன்று அகப்பட்டால், அது வெண்கலம் என்று தெரிவதற்குள் அந்த வீட்டு ஆள் ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பான். பலர் அதைக் கிணற்றில் போட்டுவிட்டார்கள்.

என் அப்பா போடவில்லை. அந்த யுத்தத்தில் மெசபடோமியாவில் ரோடு போட்டு, காய்ச்சலில் கிடந்து வாங்கிய மெடல். அக்காவுக்குக் கல்யாணம் ஆனதும் அதை மாப்பிள்ளையிடம் கொடுத்துவைத்தார். அந்த மாமாவுக்குச் சுரங்கக் குழி இறங்கும் ஷாஃப்ட் வாசலில் காவல் வேலை. ஷிஃப்ட் முடிந்து கேஜ் என்ற இரும்புக் கூண்டில் ஏறி மேலே வருகிறவர்களைத் தடவிப் பார்த்து அனுப்புவார். காவல்காரன் வீட்டை யார் சோதனை போடப்போகிறார்கள் என்பது அப்பாவின் எண்ணம்.

அறுபதுகளின் நடுவில், சுரங்கத் தூசியால் நெஞ்சு கெட்டு அப்பா படுத்துவிட்டார். ஒருநாள் என் பெட்டியைத் திறக்கச் சொல்லித் தன் வெள்ளி மெடலைக் கையில் வாங்கிக்கொண்டார்.

“இதோட ஜோடிய எட்டாந்து குடுறா. ரெண்டயும் சேத்து ஒரு தபா பாத்துடறேன்.”

எங்கள் ஊரிலேயே கோரமண்டல் பகுதியில் இருந்த மாமா வீட்டுக்குப் போனேன். முன்பும் பல தடவை கேட்டிருக்கிறேன். பத்திரமாக இருக்கிறது என்பார், எடுத்துக் காட்ட மாட்டார்.

“இன்னா மச்சான், மறுபடியும் அந்தப் பித்தளையா? பாத்திரக் கடைக்குப் போனா கிலோ கணக்குல குடுப்பானே!”

“நைனா கேக்கறாரு மாமா. ரொம்ப நாளு தாங்க மாட்டாரு.”

சிரிப்பு நின்றது. அக்கா தண்ணீர்க் குழாய்க்குப் போயிருந்தாள். மாமா உள்ளே போய், பழைய காக்கிச் சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வந்து கொடுத்தார். பிரித்தேன். மெடல் இரண்டு பாதியாக இருந்தது. அதன் முகப்பில் இறக்கை விரித்து நின்ற தேவதையின் இடுப்பில் ரம்பம் நேராக இறங்கியிருந்தது.

“யாரு அறுத்தது?”

“நான்தான். கல்யாணமான வருஷமே. உரசிப் பாக்கத் தட்டான்கிட்ட எடுத்துக்கினு போவ முடியுமா? மறுநாளே போலீஸ் வந்து நிக்கும். மேல வெண்கலத்தப் பூசி உள்ள தங்கம் வெச்சிருப்பாருன்னு நெனச்சேன். இல்லன்னா, வெறும் வெண்கலத்த யாராவது காவக்காரன் ஊட்ல ஒளிச்சு வெப்பாங்களா? நீயே சொல்லு.”

“ஓரத்துல அவரு பேரு இருக்குதே மாமா.”

“பேரு வெட்ட எவ்ளோ நேரம் ஆவும்? செருப்புக்குள்ள, தலைப்பாக்குள்ள தங்கத்த ஒளிச்சு எட்டாறவனுங்கள நான் பாக்காததா?”

அவர் குரலில் வருத்தம் இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லாமல் போனதைப் பற்றிய வருத்தம்.

வீட்டுக்கு வந்ததும், என்ன சொல்வதென்று நான் யோசிப்பதற்குள் அப்பா கையை நீட்டிவிட்டார். இரண்டு பாதிகளையும் உள்ளங்கையில் வைத்துப் பொருத்தினார். பொருந்தவில்லை, பெயரில் ஓர் எழுத்தை ரம்பம் தின்றிருந்தது. அறுத்த பக்கத்தை நகத்தால் தடவினார். ஆயுள் முழுக்கத் தங்கச் சுரங்கத்தில் இருந்தவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

“மாப்ளயா?”

“ஆமாம் நைனா. கல்யாணமான வருஷமாம்.”

“தெனம் ஷாஃப்டு வாசல்ல என்னயும்தான் தடவிப் பாத்தான். அது அவன் வேல. நானும் கையத் தூக்கிக்கினு நின்னேன்.” மூச்சு வாங்கியது. “இது இன்னாடா?”

வெள்ளி மெடலையும் என்னிடமே திருப்பிக் கொடுத்தார். இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

“உங்கக்காளுக்குத் தெரிய வேணாம். அவ அங்கதான் வாழணும்.”

அந்த மழைக்காலத்தில் இறந்துபோனார். மாமா முன்னால் நின்று பாடைக்குத் தோள் கொடுத்தார். கருமாதிச் சாப்பாடு முடிந்து இலை எடுத்த பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“அந்த வெள்ளியாவது நெசமான வெள்ளியா மச்சான்?”

அக்கா வெற்றிலைத் தட்டோடு எங்கள் எதிரில் வந்து நின்றாள்.

“நெச வெள்ளிதான் மாமா” என்றேன்.